போர்க்களமும் புளியோதரையும்

சென்ற காலாண்டு விடுமுறைக்கு என் அக்காள் தன் பிள்ளைகள் இருவரையும் அழைத்துக்கொண்டு சென்னையிலிருந்து விருதுநகருக்கு வந்திருந்தாள். மூத்தவனுக்குப் பதின்மூன்று வயது, இளையவளுக்குப் பத்து. வந்த மூன்றாம் நாளே அவர்களுக்கு எங்கள் ஊர் அலுத்துவிட்டது. எண்ணெய்ப் பரோட்டா தின்றாயிற்று, தெப்பக்குளத்தைச் சுற்றியாயிற்று, காமராஜர் பிறந்த வீட்டையும் பார்த்தாயிற்று. வெயிலைத் தவிர இனிமேல் காட்டுவதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை.

"மாமா, சண்டை நடந்த இடத்துக்கெல்லாம் ஒரு நாள் கூட்டிட்டுப் போறீங்களா?" என்று கேட்டான் மூத்தவன். பார்த்த சரித்திரச் சின்னம் ஒன்றைப் பற்றி எழுதிக்கொண்டு வரும்படி பள்ளிக்கூடத்தில் சொல்லியிருக்கிறார்களாம். அதற்காக ஒரு புது நோட்டும் வாங்கி வைத்திருந்தான்.

கதை எழுதிப் பிழைக்கிறவனிடம் சரித்திரம் கேட்பது வீண். இருந்தாலும் மருமகன் முன்னால் தோற்க மனமில்லாமல், காகிதமும் பென்சிலுமாக உட்கார்ந்தேன். முதலில் உள்ளூரிலேயே ஆரம்பித்தேன். 1956ஆம் வருஷம் சங்கரலிங்கனார் என்ற பெரியவர், இந்த ராஜ்யத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் வைக்க வேண்டும் என்பது முதலான கோரிக்கைகளுக்காக இங்கே 76 நாள் பட்டினி கிடந்து உயிரை விட்டார். அவர் பட்டினி கிடந்த தேசபந்து மைதானத்துக்கு நடந்தே போகலாம் என்றேன். பையன் சற்று யோசித்தான். "அது சண்டையா மாமா? யாரும் யாரையும் அடிக்கலையே!" என்றான். சங்கரலிங்கனார் அடிபட்டுப் போனார்.

அடுத்தது மேற்குப் பக்கம். சங்கரன்கோயிலை அடுத்த நெற்கட்டும்செவல், வாசுதேவநல்லூர். பூலித்தேவரின் கோட்டைகளை 1761இல் யூசுப்கான் பிடித்த பூமி. வடகிழக்கே காளையார்கோயிலும் திருப்பத்தூரும். மருது சகோதரர்கள் 1801இல் எதிர்த்து நின்றதும் தூக்கில் தொங்கியதுமான ஊர்கள். எல்லாவற்றையும் ஒரே பகலில் பார்க்க முடியாது. பூலித்தேவரை ஒரு கோடு, மருதிருவரை ஒரு கோடு. நிறையப் பேர் உயிரைக் கொடுத்த இடங்களைப் பென்சிலால் அடித்துத் தள்ளுவது எவ்வளவு சுலபமாக இருக்கிறது! சுற்றுலாத் திட்டம் போடுகிறவனும் தளபதியும் இந்த ஒரு விஷயத்தில் ஒரே ஜாதி என்று தோன்றியது.

கடைசியில் தெற்கு நோக்கி ஒரு வட்டம் தேறிற்று. சாத்தூர், கோவில்பட்டி வழியாகக் கயத்தாறு. அங்கேதான் கட்டபொம்மனை 1799 அக்டோபர் 16ஆம் தேதி புளியமரத்தில் தூக்கிலிட்டார்கள். பிறகு கடம்பூர், பசுவந்தனையைத் தாண்டி ஓட்டப்பிடாரம், பாஞ்சாலங்குறிச்சி. திரும்பும் வழியில் எட்டயபுரம். ஏறக்குறைய 200 கிலோமீட்டர். காலை ஆறு மணிக்குப் புறப்பட்டால் இருட்டுகிற நேரத்தில் வீடு வந்துவிடலாம்.

எட்டயபுரத்தில் ஒரு சிக்கல் வந்தது. எட்டயபுரத்துப் பாளையக்காரர் கும்பெனியோடு சேர்ந்துகொண்டவர் என்று நான் சொல்லவும், "துரோகி ஊருக்கு எதுக்கு மாமா போகணும்?" என்றான் பையன். பாரதியார் 1882இல் பிறந்தது அந்த ஊரில்தான், அவருடைய தகப்பனாருக்கு அந்தச் சமஸ்தானத்தில்தான் உத்தியோகம் என்றேன். "அப்போ பாரதியார் அந்தக் கட்சியா?" என்று கேட்டாள் சின்னவள். இப்படிப்பட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்லாமல் இருப்பதற்காகத்தான் பெரியவர்கள் சரித்திரத்தைப் பாடப்புத்தகத்திலேயே வைத்திருக்கிறார்கள்.

சாப்பாட்டுக்கு அக்காள் புளியோதரையும் தயிர்சாதமும் கட்டித் தருவதாகச் சொன்னாள். எங்கே உட்கார்ந்து சாப்பிடுவதாக உத்தேசம் என்று கேட்டாள். பாஞ்சாலங்குறிச்சியில் மத்தியானம் ஆகும் என்றேன்.

"ஏலே, அத்தனை பேர் செத்துக் கிடந்த இடத்திலயா பொட்டலத்தைப் பிரிக்கப் போறே? குளிச்சிட்டு வந்து திங்க வேண்டிய இடம்ல அது!"

நான் சிரித்துவிட்டேன். ஆனால் ராத்திரி படுத்த பிறகு, அக்காள் சொன்னது சிரிக்கும்படியான விஷயமில்லை என்று பட்டது. சாவு விழுந்த இடத்தில் சோறு தின்பது பாவமா?

இந்தக் கேள்வி உலகத்துக்குப் புதிதில்லை. அமெரிக்காவில் உள்நாட்டு யுத்தம் தொடங்கிய வருஷம், 1861 ஜூலையில், புல் ரன் என்ற இடத்தில் முதல் பெரிய சண்டை நடந்தது. வாஷிங்டனிலிருந்து கனவான்களும் சீமாட்டிகளும் கூடையில் தின்பண்டங்களை வைத்துக்கொண்டு குதிரை வண்டிகளில் வேடிக்கை பார்க்கப் போனார்கள். தங்கள் கட்சிப் பட்டாளம் தோற்று ஓடி வந்தபோது அவர்களும் கூட ஓட வேண்டியதாயிற்று. அதற்கு முன்னால் 1815இல் வாட்டர்லூவில் பீரங்கிச் சத்தம் ஓய்ந்ததும் ஜனங்கள் கூட்டமாகப் போய் நினைவுப் பொருள் பொறுக்கினார்கள். செத்த சிப்பாய்களின் பற்களைப் பிடுங்கிப் பொய்ப்பல் கட்டினார்கள் என்பதும் சரித்திரந்தான். அந்தக் கூடைகளுக்கும் என் அக்காளின் தூக்குச்சட்டிக்கும் என்ன வித்தியாசம்? அவர்கள் சாவு நடக்கும்போதே போனார்கள். நாங்கள் 200 வருஷம் கழித்துப் போகிறோம். வெறும் காலதாமதம் ஒரு காரியத்தை நல்ல காரியமாக்கிவிடுமா?

சோற்றின்மேல் குற்றமில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. நம் கிராமங்களில் வெட்டுப்பட்டுச் செத்தவனுக்குக் கல் நட்டு, அந்தக் கல்லுக்கு முன்னாலேயே பொங்கலிட்டு, கிடா வெட்டிச் சாப்பிட்டுவிட்டுத்தான் வருகிறார்கள். அங்கே செத்தவனுக்கு முதல் இலை போடுகிறார்கள். அவனும் பந்தியில் ஒருவன். புல் ரன் சீமாட்டியின் கூடையில் செத்தவனுக்குப் பங்கு இல்லை. அப்படியானால் கேள்வி சோற்றைப் பற்றியதே அல்ல. நாம் யாரைப் பார்க்கப் போகிறோம், அவர்களுக்கும் நமக்கும் என்ன உறவு என்பதைப் பற்றியது.

இவ்வளவு தூரம் யோசித்துவிட்டு, ஒரு முடிவுக்கு வந்த திருப்தியில் தூங்கிப்போனேன். மறுநாள் காலையில் கார் பேசப் போன இடத்தில் அந்தத் திருப்தி போய்விட்டது.

கார் ஓட்டுகிற தம்பிக்கு முப்பது வயதிருக்கும். சாத்தூருக்கும் சிவகாசிக்கும் நடுவே ஒரு கிராமத்துக்காரன். வாடகை நாலாயிரம் ரூபாய் என்று பேசி முடித்த பிறகு, வழியைக் கேட்டுக்கொண்டவன், "பாஞ்சாலங்குறிச்சியில என்ன அண்ணாச்சி விசேஷம்? கோயில் கொடையா?" என்றான்.

"கொடை இல்லை, தம்பி. வெள்ளைக்காரனோட சண்டை நடந்த இடம். நிறையப் பேர் செத்திருக்காங்க. பிள்ளைகளுக்குக் காட்டணும்."

"செத்த எடத்தப் பாக்கவா அண்ணாச்சி இம்புட்டுத் தூரம் போறீய? எங்க ஊருக்கு வாங்க. ஆயிரம் ரூபாயோட முடிஞ்சிரும்."

அவன் குத்திக்காட்டிச் சொல்லவில்லை. வாடகையைக் குறைத்துக்கொள்ள வழி சொல்லுகிறவன் மாதிரி, வெள்ளையாகத்தான் சொன்னான். பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அவனுடைய தாய்மாமன் ஒரு பயர் ஆபீஸில் மருந்து கலக்கிற அறையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது வெடித்துவிட்டது. எங்கள் பக்கத்தில் பட்டாசுத் தொழிற்சாலையைப் பயர் ஆபீஸ் என்றுதான் சொல்லுவார்கள். ஆபீஸ் என்ற சொல்லில் ஏதோ நாற்காலியும் மின்விசிறியும் இருப்பதுபோல வெளியூர்க்காரர்களுக்குத் தோன்றும். உண்மையில் அவை கரிசல் காட்டில் ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டுக் கட்டிய சிறு சிறு அறைகள். ஒன்று வெடித்தால் மற்றது தப்பிக்கட்டும் என்பதற்காக விட்ட இடைவெளி. கட்டும்போதே வெடிக்கும் என்று நினைத்துக் கட்டிய கட்டடங்கள் வேறெங்கே இருக்கின்றனவோ!

வெடியுப்பு, கந்தகம், கரி. கும்பெனியின் பீரங்கியில் வேலை செய்ததும் இந்த மூன்றுதான். இப்போது கூட வேறு ரசாயனங்களும் அலுமினியப் பொடியும் சேர்ந்துகொண்டிருக்கின்றன. அவ்வளவுதான் வித்தியாசம்.

வீட்டுக்கு வந்து, எனக்கு நானே ஒரு வக்கீல் வைத்துக்கொண்டு வாதாடிப் பார்த்தேன். பாஞ்சாலங்குறிச்சியில் செத்தவர்கள் மண்ணுக்காகச் செத்தார்கள். அறைக்குள் செத்தவன் கூலிக்காகப் போய்ச் செத்தான். அது வீரம், இது விபத்து. ஆகவே அங்கே போகிறோம், இங்கே போவதில்லை. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பாஞ்சாலங்குறிச்சி மண்கோட்டைக்குள் ஈட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றவனிடம் யாராவது சம்மதம் கேட்டார்களா? பாளையக்காரர் கொடுத்த நிலத்தில் உழுது தின்றவன், அவர் கூப்பிட்டால் போய்த்தான் ஆகவேண்டும். அவனுக்கு எதிரே வந்த கும்பெனிப் படையிலும் சிப்பாய்ப் பட்டாளங்கள் இருந்தன. கறுப்புத் தோல்காரர்கள், மாதச் சம்பளத்துக்குச் சேர்ந்தவர்கள். சண்டையா சமாதானமா என்று தீர்மானிக்கும் அதிகாரம் இரண்டு பக்கத்திலும் நாலைந்து பேருக்குத்தான் இருந்தது. மற்றவர்கள் வேலைக்கு வந்தவர்கள்.

அப்படியானால் மருந்து அறையில் செத்தவனையும் வீரன், தியாகி என்று அழைத்துவிடலாமே என்று சிலருக்குத் தோன்றலாம். மேடையில் அப்படிப் பேசுகிறவர்களும் உண்டு. இதை நான் ஒப்பமாட்டேன். தியாகி என்று சொல்லிவிட்டால் ஒரு காரியம் முடிந்துவிடுகிறது. ஓர் அறையில் இத்தனை பேர்தான் இருக்கலாம், இவ்வளவு மருந்துதான் இருக்கலாம் என்று சட்டம் இருக்கும்போது அன்றைக்கு எத்தனை பேர் இருந்தார்கள், எவ்வளவு மருந்து இருந்தது என்ற கேள்வி அந்த மாலைக்குள் மறைந்துபோகிறது. தியாகியின் சாவுக்கு யாரும் கணக்குக் காட்ட வேண்டியதில்லை.

எனக்கு விஷயம் பிடிபட்டது இந்த இடத்தில்தான். பாஞ்சாலங்குறிச்சிக்கு நான் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கூசாமல் போக முடிகிறதென்றால், அங்கே கணக்கு முடிந்துவிட்டது. அங்கே செத்தவனின் பெண்டாட்டி வாசலில் நின்றுகொண்டு என் முகத்தைப் பார்க்கப் போவதில்லை. இவன் ஊரில் நிற்பாள். மேலும், தீபாவளி தவறாமல் நானும் பட்டாசு வாங்குகிறேன். உள்ளூர்க்காரன் என்பதால் சலுகை விலையில் வாங்குகிறேன். கட்டபொம்மனைத் தூக்கில் போட்டவர்களுக்கும் எனக்கும் ஒரு கொடுக்கல் வாங்கலும் இல்லை.

இந்த வித்தியாசம் அசோகச் சக்கரவர்த்திக்கே தெரிந்திருக்கிறது. கலிங்க யுத்தத்தில் ஒரு லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள், ஒன்றரை லட்சம் பேர் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டார்கள், வேறு வகையில் மாண்டவர்கள் இன்னும் பல மடங்கு என்று தொகை சொல்லி, தன் மனம் வருந்துவதாகப் பாறையில் வெட்டிவைத்தார். பதின்மூன்றாவது சாசனம். உலகத்தில் வேறெந்த ராஜாவும் ஜெயித்த சண்டைக்கு இப்படி வருத்தம் தெரிவித்துக் கல்லில் எழுதியதாக நான் படித்ததில்லை. ஆனால் அந்தச் சாசனம் எங்கே இருக்கிறது தெரியுமா? கிர்நாரில் இருக்கிறது. வடமேற்கே ஷாபாஸ்கடியில் இருக்கிறது. கலிங்க நாட்டுக்குள்ளேயே இருக்கிற தௌலியிலும் ஜௌகடாவிலும் மட்டும் இல்லை. அங்கே அதை விட்டுவிட்டு, வேறு இரண்டு சாசனங்களை வெட்டினார்கள். அழுதவர்கள் வீட்டு வாசலில் அந்தத் தொகையைப் படிக்கச் சக்கரவர்த்திக்கே தைரியம் வரவில்லை. அல்லது அவர்களிடம் அதைச் சொல்லுவது அநாகரிகம் என்று நினைத்தாரோ என்னவோ. அப்படியும் இருக்கலாம், அவரைக் குற்றம் சொல்ல நான் யார்?

அன்று மாலை பையன் தன் நோட்டில் தலைப்புப் போட்டு, பாடப்புத்தகத்தையும் என்னிடமிருந்த புத்தகங்களையும் வைத்துக்கொண்டு தேதிகளை எழுதிக்கொண்டிருந்தான். "பானர்மன் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை முதல்ல தாக்கினது 1799 செப்டம்பர் 5, மாமா" என்று வாசித்தான். அந்தத் தேதி எனக்கு வேறு விதத்தில் ஞாபகம் இருந்தது. 2012 செப்டம்பர் 5ஆம் தேதிதான் சிவகாசிக்குப் பக்கத்தில் முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்து ஏறக்குறைய 40 பேர் செத்தார்கள். தேதிகள் ஒன்றாக அமைவதில் அர்த்தம் ஒன்றும் இல்லை. என் நினைவில் நின்றது வேறு. அன்றைக்கு மாண்டவர்களில் பலர் அந்த ஆலையில் வேலை செய்தவர்களே அல்ல. புகையைக் கண்டு அக்கம்பக்கத்திலிருந்து ஓடியவர்கள். காப்பாற்ற ஓடினார்களா, பார்க்க ஓடினார்களா என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஓடுகிறபோது அது அவர்களுக்கே தெரிந்திருக்காது. அடுத்து வெடித்ததில் அகப்பட்டுக்கொண்டார்கள். பார்க்கப் போவது என்ற காரியத்தை அதுவரை நான் கொஞ்சம் இளக்காரமாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை புறப்பட்டோம். அக்காளும் வந்தாள்.

கயத்தாற்றில் இப்போது மணிமண்டபம் இருக்கிறது. கட்டபொம்மன் வேஷம் போட்டுப் புகழடைந்த சிவாஜி கணேசன் சொந்தச் செலவில் நிலம் வாங்கி வைத்த சிலையும் இருக்கிறது. சிலையைவிட எனக்குப் பிடித்தது பழைய புத்தகத்தில் படித்த ஒரு செய்தி. சிலையெல்லாம் வருவதற்கு முன்னால் அந்த இடத்தில் ஒரு கற்குவியல் இருந்ததாம். வழிப்போக்கர்கள் ஆளுக்கொரு கல்லைப் போட்டுவிட்டுப் போவார்கள். அப்படியே நூறு வருஷத்துக்கு மேல் சேர்ந்த குவியல். பையனிடம் சொன்னேன். அவன் ஒரு கல்லைத் தேடி எடுத்து, எங்கே போடுவதென்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டே காரில் ஏறினான்.

பாஞ்சாலங்குறிச்சியில் 1974இல் அரசாங்கம் கட்டிய நினைவுக் கோட்டை நிமிர்ந்து நிற்கிறது. உண்மையான கோட்டை, பின்னால் தரையோடு தரையாக அஸ்திவாரமாகக் கிடக்கிறது. 1801இல் அதை இடித்துத் தள்ளி, உழுது ஆமணக்கு விதைத்தார்கள் என்று சொல்லுவார்கள். ஊரின் பெயரையே கணக்குகளிலிருந்து நீக்கும்படி உத்தரவு. ஊருக்கு வெளியே கும்பெனிப் பட்டாளத்தின் கல்லறைகள் இருக்கின்றன. துரைமார்களின் பெயர் உண்டு. சிப்பாய் ஒருவன் பெயரையும் நான் காணவில்லை. கார் ஓட்டுகிற தம்பி கூடவே வந்தான். செருப்பைக் கழற்றிவிட்டு வந்ததை அக்காள் கவனித்து, தானும் கழற்றினாள். "இதுல நம்ம ஆளுக பேரு ஏதும் இருக்கா அண்ணாச்சி?" என்று கேட்டான். இல்லை என்றேன். தலையை ஆட்டிக்கொண்டான்.

அங்கே ஒரு வேப்பமர நிழலில்தான் பொட்டலத்தைப் பிரித்தோம். அக்காள் ஒரு பிடி புளியோதரையை எடுத்து இலைக் கிழிசலில் வைத்துத் தள்ளி வைத்துவிட்டு எங்களுக்குப் பரிமாறினாள். யாருக்கு என்று யாரும் கேட்கவில்லை. காக்காய் வந்து தின்றது.

சாப்பிடும்போது ஊமைத்துரையின் கதையைச் சொன்னேன். வெல்ஷ் என்ற கும்பெனி அதிகாரி அந்தச் சண்டையில் எதிர்த் தரப்பில் இருந்தவர்; 1830இல் லண்டனில் வெளியிட்ட தம் நினைவுக் குறிப்புகளில் இதை எழுதியிருக்கிறார். 1801 மே 24ஆம் தேதி கோட்டை விழுந்தது. தன் மகனைத் தேடி ஒரு கிழவி பிணங்களுக்கு நடுவே வந்தாள். மகன் உயிரோடுதான் கிடந்தான். 'என்னை விடு, பக்கத்தில் சாமி காயம்பட்டுக் கிடக்கிறார், அவரைக் காப்பாற்று' என்றானாம். அவள் ஊமைத்துரையைத் தூக்கிக்கொண்டு போனாள். தேடிக்கொண்டு எட்டயபுரத்து ஆட்கள் வந்தபோது, பெண்கள் அவரைத் துணியால் மூடிவைத்து ஒப்பாரி வைத்தார்கள். அம்மை போட்டுச் செத்த பிள்ளை என்றார்கள். வந்தவர்கள் ஓடிப்போனார்கள். ஊமைத்துரை அதற்கப்புறம் மருதிருவரிடம் போய்ச் சேர்ந்து சண்டை போட்டு, அதே வருஷம் நவம்பரில் பாஞ்சாலங்குறிச்சியிலேயே தூக்கில் மாண்டார்.

"அந்தப் பையன் என்ன ஆனான் மாமா?" என்றாள் சின்னவள்.

"வெல்ஷ் அதை எழுதவில்லை."

"அவன் பேரு?"

"அதையும் எழுதவில்லை. அம்மா பேரும் இல்லை."

அவளுக்கு அது பிடிக்கவில்லை. கதை நன்றாக இல்லை என்று சொல்லிவிட்டாள். நான் எழுதுகிற கதைகளுக்கும் அவள் விமரிசனம் இதுதான்.

எட்டயபுரத்தைப் பார்த்துக்கொண்டு கோவில்பட்டிக்கு வரும்போது நாலரை மணி. கடலை மிட்டாய் வாங்கினோம். சாத்தூரில் காராச்சேவு. சாத்தூரைத் தாண்டுவதற்கு முன் தம்பி வண்டியின் வேகத்தைக் குறைத்து, "அண்ணாச்சி, ஒரு கால் மணி நேரம் ஆவும். போய்ட்டு வந்துருவமா?" என்று கேட்டான். எங்கே என்று நான் கேட்கவில்லை. சரி என்று சொல்ல எனக்குச் சற்று நேரம் பிடித்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

சிவகாசி ரஸ்தாவில் திரும்பி, அதிலிருந்து பிரிகிற ஒரு வண்டிப் பாதையில் கொஞ்ச தூரம் போனோம். வேலிக்கருவைக்கு நடுவே ஒரு சிமெண்டுத் தரை தெரிந்தது. சுவர் ஒரு முழ உயரத்துக்குக் கறுத்து நின்றது. அவ்வளவுதான். சற்றுத் தள்ளி, புதிதாக வெள்ளையடித்த அறைகள் வரிசையாக இருந்தன. ஞாயிற்றுக்கிழமையாதலால் ஆள் இல்லை. தம்பி காரைவிட்டு இறங்கவில்லை. அக்காளும் பேசவில்லை. பையன் இறங்கிப் போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டு, கயத்தாற்றில் எடுத்த கல்லை அந்தத் தரைமேல் வைத்துவிட்டு வந்தான்.

வண்டி மறுபடியும் பெரிய ரஸ்தாவுக்கு வந்த பிறகு பையன் நோட்டை எடுத்தான். பானர்மன், அக்னியூ, ஊமைத்துரை என்று எழுதியிருந்த பக்கத்தைப் புரட்டி, முன்னால் குனிந்து, என் காதோடு, "மாமா, இதையும் எழுதலாமா? டீச்சர் ஒண்ணும் சொல்ல மாட்டாங்களே?" என்று கேட்டான்.

இருபது வருஷமாக எழுதிக்கொண்டிருக்கிற எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. தம்பியைப் பார்த்தேன். அவன் ரஸ்தாவிலிருந்து கண்ணை எடுக்காமல் மாமன் பெயரைச் சொன்னான். பையன் எழுத்துக் கூட்டிக் கேட்டுக்கொண்டு எழுதினான்.

"வயசு முப்பத்தாறுன்னு போட்டுக்க, தம்பி" என்றான்.